முதல் பக்கம் பளபள... முகவரி எங்கே?

ஐயங்கார்குளம்:

காஞ்சீபுரத்தை அடுத்த ஐயங்கார்குளத்தில் நடவாவிக் கிணறு இருக்கிறது. சித்ரா பவுர்ணமிக்கு வரதராஜ பெருமாள் இந்தக் கிணற்றுக்குள் எழுந்தருளுகிறார். அதற்கு முன்னால் தண்ணீரை இறைத்து வெளியேற்றுவார்கள். அப்போதுதான் பூமிக்கு அடியில் இருக்கும் கல் மண்டபம் தெரியும். மற்ற நாளில் எட்டிப் பார்த்தால் தண்ணீர்தான்.

இந்த ஊர் பஸ் நிறுத்தத்தில் ஒரு இளைஞர் நம்மிடம் செல்போனை நீட்டினார். காஞ்சீபுரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. டவுன் பஸ்சில் போய் வருகிறார். கையில் சேமிப்பு 50 ஆயிரம் ரூபாய்.

"சார், இது புது கம்பெனி. ஸ்டார்ட்-அப்பாம். வெப்சைட்டே ஜோரா இருக்கு. பணத்தைப் போடலாமா?" என்று கேட்டார்.

பார்த்தோம். ஜோராகத்தான் இருந்தது. கோட்டு சூட்டு போட்ட நாலு பேர் சிரிக்கிறார்கள். "உங்கள் நாளையை மாற்றுகிறோம்" என்று கொட்டை எழுத்து. "10 ஆயிரம் மகிழ்ச்சியான வாடிக்கையாளர்கள்" என்று ஒரு வரி. அதற்குக் கீழே சிவப்பு கடிகாரம் ஒன்று ஓடுகிறது. இன்னும் 9 நிமிடத்துக்குள் சேர்ந்தால் சலுகையாம்.

கம்பெனி என்ன வியாபாரம் செய்கிறது? மூன்று தடவை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தோம். சொல்லவில்லை. நடத்துவது யார்? தெரியவில்லை. ஆபீஸ் எந்த ஊரில்? அதுவும் இல்லை. பணம் கட்டுவதற்கான பொத்தான் மட்டும் ஐந்து இடத்தில் இருந்தது!

"தம்பி, நீ வேலை பார்க்கிற கடை வாசலில் பெயர்ப் பலகை இருக்கா?" என்று கேட்டோம்.

"என்ன சார் இப்படி கேக்கறீங்க? கடைப் பேரு, தெருப் பேரு, போன் நம்பர் எல்லாம் இருக்கு" என்றார்.

500 ரூபாய் சேலைக்கே பலகை இருக்கிறது. 50 ஆயிரம் கேட்கிறவருக்கு இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

பலருக்குத் தெரியாத ஒரு சங்கதி. வெப்சைட்டின் முதல் பக்கத்தில் என்ன இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்லியிருக்கிறது.

2014-ம் ஆண்டு கம்பெனி விதிகளில் 26-வது விதியைப் பாருங்கள். வெப்சைட் வைத்திருக்கும் ஒவ்வொரு கம்பெனியும் அதன் முதல் பக்கத்திலேயே தன் பெயர், பதிவு அலுவலக முகவரி, கம்பெனி அடையாள எண், டெலிபோன் எண், இ-மெயில் ஆகியவற்றைப் போட வேண்டும். குறை இருந்தால் யாரைக் கேட்பது என்று ஒரு ஆளின் பெயரும் போட வேண்டும். "எங்களைத் தொடர்பு கொள்ள" என்று உள்ளே எங்கோ ஒரு மூலையில் ஒளித்து வைத்தால் போதாது.

இது பதிவு பெற்ற கம்பெனிகளுக்கான விதி. தனி ஆள் நடத்தும் ஆன்லைன் கடை தப்பித்துவிடுமா? விடாது. 2020-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் இருக்கின்றன. அதன்படி பெயர், முகவரி, குறைதீர்க்கும் அதிகாரி விவரம் எல்லாம் தெரியும்படி போட வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் "கிடைத்தது" என்று பதில் சொல்ல வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும். கம்பெனிக்காரரே வாடிக்கையாளர் வேஷம் கட்டிக்கொண்டு "ஆகா, பிரமாதம்" என்று எழுதிக்கொள்வதற்கும் தடை உண்டு.

சிவப்பு கடிகாரம்? அதற்கும் ஆப்பு வைத்தாகி விட்டது. 2023 நவம்பரில் மத்திய அரசு 13 வகை ஏமாற்று உத்திகளைப் பட்டியல் போட்டுத் தடை செய்தது. இல்லாத அவசரத்தைக் காட்டி ஆளை விரட்டுவது அதில் ஒன்று. மறுநாள் அதே பக்கத்தைத் திறந்து பாருங்கள். அதே 9 நிமிடம் மறுபடி முதலில் இருந்து ஓடினால் சாயம் வெளுத்தது என்று அர்த்தம்.

21 எழுத்து ரகசியம்

கம்பெனி அடையாள எண் என்றோமே, அது 21 எழுத்தும் எண்ணும் கலந்தது. அதைப் படிக்கத் தெரிந்தால் பாதிக் கதை வெளியே வந்துவிடும்.

முதலில் ஒரு எழுத்து. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டதா, இல்லையா என்று காட்டும். அடுத்த 5 எண்கள் என்ன தொழில் என்பதைச் சொல்லும். பிறகு 2 எழுத்து மாநிலம். அதற்குப் பிறகு வரும் 4 எண்கள்தான் வேடிக்கை. அது கம்பெனி பதிவான வருஷம்! முதல் பக்கத்தில் "20 ஆண்டு அனுபவம்" என்று போட்டிருப்பார்கள். எண்ணில் 2024 என்று இருக்கும். பழைய கம்பெனியை மாற்றிப் புதிதாகப் பதிவு செய்திருக்கலாம். அப்படியானால் கேட்டவுடன் சொல்லிவிடுவார்கள். கேட்டதும் கோபப்பட்டால் உஷார்.

எண்ணைக் கொண்டு மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் கம்பெனியைத் தேடிப் பார்க்கலாம். இயக்குநர்கள் யார் என்பதும் அங்கே பதிவில் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. எண் இருந்தாலே யோக்கியமான கம்பெனி என்று நினைத்துவிடக் கூடாது. குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் கொடுப்பது போல கம்பெனிக்குப் பதிவு. பிறந்தது உண்மை என்று மட்டும்தான் அது சொல்லும். ஜி.எஸ்.டி. எண்ணும் அப்படியே. வெப்சைட் முகவரிக்கு முன்னால் தெரியும் குட்டிப் பூட்டுப் படத்தைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் ரொம்பப் பேர். அந்தப் பூட்டு, நீங்கள் அனுப்பும் விவரத்தை நடுவழியில் யாரும் படிக்க முடியாது என்றுதான் சொல்கிறது. போய்ச் சேரும் இடம் திருடன் வீடா என்று அது பார்க்காது.

மாதம் 30 சதவீதமாம்!

பெயரும் முகவரியும் இருந்தும் ஜனங்கள் கெட்ட கதை நம் வட்டாரத்துக்குப் புதிது இல்லை.

சென்னை அமைந்தகரையைத் தலைமையிடமாகக் கொண்டு நடந்தது ஆருத்ரா கோல்டு டிரேடிங். மாதம் 25 முதல் 30 சதவீதம் வரை தருவதாகச் சொல்லிப் பணம் வாங்கியது. 2022 மே மாதம் பொருளாதார குற்றப்பிரிவு போலீசார் சோதனை போட்டார்கள். சுமார் 1 லட்சம் பேரிடம் 2 ஆயிரத்து 438 கோடி ரூபாய் வசூல் ஆனதாக போலீஸ் கணக்கு. அதே வருஷம் வேலூர் காட்பாடி ஐ.எப்.எஸ். நிறுவனத்தின் மீதும் வழக்கு வந்தது. அந்த இரண்டு பெயர்களும் காஞ்சீபுரம் டீக்கடைகளில் அடிபடாத நாள் அப்போது இல்லை.

ஆருத்ராவுக்குப் பெயர் இருந்தது. ஆபீஸ் இருந்தது. பலகையும் இருந்தது. அப்படியானால் எங்கே கோளாறு?

கணக்கில்தான். ரிசர்வ் வங்கியிடம் டெபாசிட் வாங்க அனுமதி பெற்ற நிதிக் கம்பெனிகள்கூட வருஷத்துக்கு 12.5 சதவீதத்துக்கு மேல் வட்டி தரக் கூடாது என்பது விதி. அதாவது 1 லட்சம் போட்டால் ஒரு வருஷத்துக்கு 12 ஆயிரத்து 500 ரூபாய். மாதம் 30 சதவீதம் என்றால் வருஷத்துக்கு 3 லட்சத்து 60 ஆயிரம்! தங்க வியாபாரத்தில் மாதாமாதம் அத்தனை லாபம் கிடைக்குமா என்று எந்த நகைக்கடைக்காரரைக் கேட்டாலும் சிரிப்பார். அவரைக் கேட்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

1920-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் போன்சி என்பவர் 45 நாளில் 50 சதவீதம் லாபம் என்றார். தபால் கூப்பனை ஒரு நாட்டில் வாங்கி இன்னொரு நாட்டில் மாற்றுவதாகச் சொன்னார். அவர் வாங்கிய பணத்துக்கு 16 கோடி கூப்பன் இருந்திருக்க வேண்டும். உலகத்தில் புழங்கியதோ சுமார் 27 ஆயிரம்தான் என்று ஒரு பத்திரிகைக்காரர் கணக்குப் போட்டுக் காட்டினார். கொஞ்ச நாளில் மாளிகை சரிந்தது.

நம் ஊரில் 1990-களில் தேக்கு மரம் என்றார்கள். 2012-ல் பெருந்துறையில் ஈமு கோழி கவிழ்ந்தது. அப்போது வெப்சைட் மோகம் இல்லை. பத்திரிகையும் டி.வி.யும்தான் முதல் பக்கம். பக்கம் பக்கமாக விளம்பரம் வந்தது. வாங்கிப் போட்டதில் எங்கள் தொழிலுக்கும் பங்கு உண்டு. மறைப்பானேன்?

கல்லில் எழுதிய நிபந்தனை

ஐயங்கார்குளத்துக்காரர்கள் ஓட்டுப் போடுவது உத்திரமேரூர் தொகுதியில். அந்த உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. கி.பி. 919-லும் 921-லும் வெட்டியது. குடவோலைத் தேர்தலுக்கு நிற்கத் தகுதி என்ன என்று வரிசையாகச் சொல்கிறது.

வரி கட்டும் கால் வேலி நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும். இதற்கு முன் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் நிற்கக் கூடாது. அவன் மட்டுமா? அவனுடைய நெருங்கிய உறவினர்களும் நிற்கக் கூடாது!

ஆளுக்கு முகவரி இருக்கிறதா, பழைய கணக்கு சுத்தமா என்று பார்த்திருக்கிறார்கள். அதையும் போகிற வருகிறவர் எல்லாரும் பார்க்கும்படி கோவில் சுவரில் வெட்டி வைத்தார்கள்.

நல்ல கம்பெனியும் சொதப்பும்

புதுக் கம்பெனி என்றாலே மோசடி என்று சொல்ல வரவில்லை. நல்ல பிள்ளைகள் எத்தனையோ பேர் கடன் வாங்கித் தொழில் தொடங்குகிறார்கள். அவர்களிலும் பலர் முதல் பக்கத்தைக் கெடுத்து வைத்திருப்பதுதான் வருத்தம். பெரிய கம்பெனியைக் காப்பி அடித்து "தீர்வுகள் வழங்குகிறோம்" என்று எழுதுவார்கள். என்ன தீர்வு? கொசுவுக்கா, கடனுக்கா?

பட்டு வியாபாரத்தையே எடுத்துக்கொள்வோம். காஞ்சீபுரத்தில் இருந்து ஆன்லைனில் சேலை விற்கிற ஒருவர், முதல் பக்கத்தில் சாமி படத்துக்குக் கீழே என்ன எழுத வேண்டும்? "காஞ்சீபுரம் கைத்தறிப் பட்டுச் சேலை விற்கிறோம். கடை இந்தத் தெருவில். விலை இது. ஜரிகை அசல் அல்லது அசல் அல்ல. தபால் செலவு இவ்வளவு. பிடிக்காவிட்டால் இத்தனை நாளுக்குள் திருப்பலாம். திருப்பும் செலவு யாருடையது." இவ்வளவுதான். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் படித்துவிடலாம். விசைத்தறிச் சேலை என்றால் விசைத்தறி என்றே போடட்டும். குறைந்த விலைக்கு அதை வாங்கவும் ஆள் இருக்கிறார்கள். தபால் செலவை முதலில் மறைத்து, பணம் கட்டும் கடைசி நிமிடத்தில் காட்டுவதும் அந்த 13 ஏமாற்று உத்திகளில் ஒன்று.

பக்கத்துக் கடைப் பையனிடம் போனைக் கொடுத்து ஒரு நிமிடம் படிக்கச் சொல்லுங்கள். பிறகு போனை வாங்கிக்கொண்டு "இவங்க என்ன விக்கிறாங்க? எவ்வளவு? தகராறுன்னா யாரைக் கேக்கணும்?" என்று கேளுங்கள். பையன் முழித்தால் பையன் மேல் தப்பில்லை.

டெபாசிட் கேட்கும் கம்பெனியா? ரிசர்வ் வங்கியின் 'சசேத்' என்ற இணையதளத்தில் அதற்கு அனுமதி இருக்கிறதா என்று பார்க்கலாம், புகாரும் தரலாம். தமிழகத்தில் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1997-ல் இருந்தே இருக்கிறது. அனுமதி இல்லாத டெபாசிட் திட்டங்களைத் தடை செய்யும் மத்திய சட்டம் 2019-ல் வந்தது. ஆன்லைனில் பணம் பறிபோனால் 1930-க்கு உடனே போன் செய்ய வேண்டும். சரக்கு, சேவை பற்றிய குறைக்கு 1915. ஆனால் ஒன்று. போன பணம் சட்டத்தின் வழியாகத் திரும்பி வர வருஷக்கணக்கில் ஆகிறது. ஆருத்ராவில் போட்டவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ஐயங்கார்குளம் இளைஞர் பஸ் வருவதற்குள் இன்னொரு தடவை பக்கத்தின் அடிமட்டம் வரை தள்ளிப் பார்த்தார். "சார், கடைசியில ஒரு செல் நம்பர் இருக்கு" என்றார்.

"போடு, கேட்போம்" என்றோம்.

எடுத்தவர் தேன் ஒழுகப் பேசினார். எவ்வளவு போடப் போகிறீர்கள் என்று கேட்டார். இளைஞர், கம்பெனி அடையாள எண்ணும் ஆபீஸ் முகவரியும் வேண்டும் என்றார். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை.

"வாட்ஸ்-அப்பில் அனுப்பறோம் சார்" என்று லைன் துண்டிக்கப்பட்டது.

இந்தச் செய்தி அச்சுக்குப் போகும் வரை வரவில்லை. 50 ஆயிரம் ரூபாயும் அவரிடமே இருக்கிறது.