பதுமையின் பல்லும் நடிகரின் நகையும்

நகை என்னும் சொல் பழந்தமிழில் சிரிப்பையும் பல்லையும் ஒருங்கே குறிக்கும். ஆயினும், பல்லை அமைத்தவன் சிரிப்பையும் அமைத்துவிட்டானாகான். நடிகர்தம் உருவப் பதுமைகளை விரும்பிச் சேர்க்கும் மாணவ நண்பர்க்கு நாம் கூற விழைவது இதுவே.

நம் கோயமுத்தூர், நடிகர் முகங்களை நாடறியச் செய்த ஊர்களுள் ஒன்று. எம்.ஜி.ஆர். கதாநாயகராக நடித்த முதற் படமாகிய 'ராஜகுமாரி' (1947) இவ்வூர்ச் சென்ட்ரல் ஸ்டூடியோவில் உருவானதே. அன்று திரையில் கண்டு மகிழ்ந்த முகத்தை இன்று மேசைமேல் வைத்துக் காண விரும்புகின்றனர். 2000ஆம் ஆண்டு ஹாங்காங்கில் தோன்றிய ஹாட் டாய்ஸ் நிறுவனம் போன்றோர், ஆங்கிலப் பட நடிகரை ஆறிலொரு பங்களவில், ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் உயரத்தில், வியக்கத்தக்க ஒப்புமையுடன் செய்கின்றனர். தோலின் துளையும் நெற்றிச் சுருக்கமும் அப்படியே அமைகின்றன. வாய் திறந்தால் மட்டும் ஒப்புமை குலைகின்றது.

காரணம் யாது? மேல் முன்பல்லின் அகலம் ஏறக்குறைய 8.5 மில்லிமீட்டர், பதுமையில் அது 1.4 மில்லிமீட்டராகச் சுருங்கும். மெய்யான வாயில் பல்லுக்கும் பல்லுக்கும் இடையே உள்ளது மெல்லிய நிழலே. அதனைத் தூரிகையாற் கீறினால், எத்துணை நுண்ணிய கோடாயினும் வேலியின் இடைவெளி போலத் தோன்றும். மேலும், பல்லின் மேற்புறமாகிய எனாமல் ஒளியைச் சிறிது உள்ளே புகவிடும். வெள்ளை வண்ணமோ அதனை மேலேயே தடுத்துவிடும். ஆளளவான மெழுகுச் சிலைகளில் செயற்கைப் பல் கட்டுவோர் முறையில் தனிப் பற்கள் அமைப்பதால் இக்குறை பெரிதும் நீங்குகின்றது.

எனினும், பல் செம்மையுற்றால் மட்டும் சிரிப்பு வந்துவிடாது. உள்ளம் மகிழ்ந்து சிரிக்குங்கால் கண்ணைச் சூழ்ந்த தசையும் சுருங்கும் என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் டுஷேன் 1862இல் விளக்கிக் காட்டினார். கன்னமும் கண்ணும் அசையாதிருக்க வாய் மட்டும் விரிவது சிரிப்பன்று, பல்லைக் காட்டுதலேயாம்.

நடிகரின் பல்வரிசையை உள்ளதினும் ஒழுங்காகவும் வெண்மையாகவும் செய்தால் என்ன குறை என்பாரும் உளர். நாம் அதற்கு உடன்படோம். சற்றே சாய்ந்த பல்லும் ஒருபுறம் மிக உயரும் இதழுமே ஒருவரை அவராக நமக்கு அறிவிப்பன. அவற்றைத் திருத்துவோன் அழகு சேர்க்கின்றிலன், ஆளையே மாற்றுகின்றான். அம்மாற்றத்தை மக்கள் பொறார் என்பதற்குச் சான்று உண்டு. நடிகையாகவும் முதலமைச்சராகவும் விளங்கிய ஜெயலலிதாவின் சிலையொன்று 2018 பிப்ரவரி 24 அன்று சென்னையில் அவர்தம் கட்சித் தலைமையகத்தில் திறக்கப்பெற்றது. முகம் அவரைப் போன்றில்லை எனப் பலரும் குறைகூறவே, அவ்வாண்டு நவம்பர் 14 அன்று வேறொரு சிலை அவ்விடத்தில் வைக்கப்பெற்றது. சிலைக்கலை பயிலாதார்க்கும் தாம் பல்லாண்டு கண்ட முகம் தெரியாமற் போமோ?

நடிகர் மறைந்தபின் பிறக்கும் குழந்தைகள் பலர் அவரைப் பதுமை வாயிலாகவே முதலில் அறிவர். ஆதலின், பதுமை செய்வோர் பல்லைக் கோடிட்டு எண்ணிக் காட்டாது, ஒரே வெண்பரப்பாக அமைத்து மென்னிழல் மட்டும் இடுக. இயலாதாயின் இதழ் மூடிய புன்முறுவலே போதும். வாங்கும் நண்பரும் பல்லின் பளபளப்பிற்கு விலை கொடாது, முதலிற் கண்களை நோக்குக. அங்கே சிரிப்பு இல்லையேல், வாயில் முப்பத்திரண்டு பல் இருந்தும் பயனில்லை.