மாஸ்டர் சிலிண்டரும் பகற்கொள்ளைப் பழியும்

கார் வைத்திருப்பவர் இருவர் சந்தித்து, பிரேக் மாஸ்டர் சிலிண்டரை மாற்றச் சொல்லி ஒர்க்‌ஷாப்காரர் எழுதித் தந்த எஸ்டிமேட்டைப் பற்றிப் பேச்செடுத்துவிட்டால், உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர்கள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கையில் சிலிண்டரையே மாற்றி ஆயிரக்கணக்கில் பணம் கேட்பது பகற்கொள்ளை என்னும் தீர்ப்பு விசாரணையின்றியே வழங்கப்பட்டுவிடுகிறது. வேறு உதிரிபாகத்தைப் பற்றிய அபிப்பிராயமானால் சிரித்துவிட்டுப் போகலாம். பிராணனோடு சம்பந்தப்பட்ட விஷயமாகையால், இந்த வாதத்தின் ஒவ்வோர் அங்கத்தையும் பரிசீலித்து மறுப்பது அவசியமாகிறது.

டப்பாவில் பிரேக் ஆயில் ஒரு சொட்டும் குறையவில்லை, ஆகவே சிலிண்டரில் கோளாறில்லை என்பது முதல் வாதம். வெளியே கசியாத பழுதே இதில் மிகவும் அபாயகரமானது என்பதை இவ்வாதம் செய்வோர் அறிவதில்லை. சிலிண்டருக்குள் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பிஸ்டன்கள் ஓடுகின்றன. அவற்றின் மேலுள்ள ரப்பர் கப்பின் விளிம்பு தேய்ந்துவிட்டால், சக்கரத்துக்குச் செல்லவேண்டிய ஆயில் அழுத்தம் தாங்காமல் அந்த விளிம்பைத் தாண்டி மறுபடியும் டப்பாவுக்கே திரும்பிவிடுகிறது. அளவு குறைவதற்கு அங்கே இடமேது? சிக்னலில் நிற்கும்போது பெடலின்மேல் வைத்த கால் மெல்ல மெல்லக் கீழே இறங்குவதும், காலை எடுத்துச் சட்டென்று மீண்டும் மிதித்தால் பெடல் கெட்டியாகிவிடுவதும் இப்பழுதின் லட்சணங்கள். இரண்டாம் மிதியில் எல்லாம் சரியாகிவிடுவதால் வண்டிக்காரர் அதை அப்போதே மறந்துவிடுகிறார்.

வாஷர் கிட் போட்டாலே போதும் என்னும் இரண்டாவது வாதமே இவற்றுள் வலுவானது. அதற்கு ஒரு காலத்தில் முழு நியாயமும் இருந்தது. வார்ப்பிரும்பால் சிலிண்டர் செய்த நாளில், உட்சுவரில் படிந்த துருவை ஹோனிங் செய்து நீக்கி, அளவு மிஞ்சாதபடி பார்த்துப் புதிய வாஷர் பூட்டிக் கொடுத்த கைதேர்ந்த மெக்கானிக்குகள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். அவர்கள் செய்த வேலை பல வருஷம் உழைத்தது. ஆனால் இன்றைய கார்களில் பெரும்பாலும் அலுமினியச் சிலிண்டர்களே வருகின்றன. அவற்றின் உட்சுவருக்குக் கொடுத்துள்ள அனோடைஸ் பூச்சு மிக மெல்லியது. ஹோனிங் கல் பட்டால் அது போய்விடும். போனபின் மிருதுவான உலோகம் அரிப்புக்கு இரையாகிப் புதிய வாஷரையும் சீக்கிரத்தில் தின்றுவிடும். அன்றாட ஓட்டத்தில் பிஸ்டன் சிலிண்டரின் ஒரு சிறு பகுதியில் மட்டுமே போய்வருவதால், அவ்விடம் கண்ணாடிபோல் பளபளக்க, அதற்கு அப்பாலுள்ள இடத்தில், ஆயில் காற்றிலிருந்து உறிஞ்சிக்கொண்ட ஈரத்தால், அரிப்பும் சொரசொரப்பும் ஏறியிருக்கும். ஆயில் மாற்றி ஏர் எடுப்பதற்காகப் பெடலைத் தரைவரை மிதிக்கும்போது, ரப்பர் விளிம்பு முதன்முறையாக அந்தச் சொரசொரப்பின்மேல் உராய்ந்து கிழிகிறது. நேற்றுவரை நன்றாயிருந்ததை மெக்கானிக் கெடுத்துவிட்டார் என்று அநேகர் மனம் நொந்து சொல்வதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இரண்டு ஸ்பானரும் அரைமணி நேரமும் போதுமான வேலைக்கு இவ்வளவு கூலியா என்பது மூன்றாவது. கழற்றுவதற்கு அரைமணி போதும் என்பது வாஸ்தவமே. ஆயினும், பிரேக் பைப்பின் நட்டுகளைச் சாதாரண ஸ்பானரால் திருகினால் முனை மழுங்கிப் பைப்பையே மாற்ற நேருமாகையால் அதற்குரிய ஸ்பானரைக் கொண்டு நிதானமாகக் கழற்றி, புதிய சிலிண்டரை வண்டியில் பூட்டுமுன் ஆயில் நிரப்பி அதிலுள்ள காற்றை வெளியேற்றி, பூஸ்டரிலிருந்து வரும் தள்ளுகோலின் இடைவெளியைச் சரிபார்த்து, ஒருவர் உள்ளே அமர்ந்து பெடலை மிதிக்க மற்றொருவர் நான்கு சக்கரத்திலும் குமிழி நிற்கும்வரை ஏர் எடுத்து, ஏ.பி.எஸ். உள்ள சில வண்டிகளில் அதற்கென ஸ்கேனரையும் மாட்டி, கடைசியில் ஓட்டிப் பார்த்துக் கொடுப்பதற்குத் தகுந்த கூலி உண்டு. அந்தத் தள்ளுகோல் சற்றே நீண்டிருந்தாலும் ஆயில் திரும்பும் சிறு துவாரம் அடைபட்டு, காலை எடுத்தபின்னும் பிரேக் பிடித்தபடியே இருந்து சக்கரங்கள் கொதிக்கும். பழைய ஆயிலை வடித்து மீண்டும் ஊற்றுவதும் சிக்கனமாகாது: டாட் 3 ஆயிலின் கொதிநிலை புதிதில் 205 டிகிரி செல்சியஸுக்குக் குறையாதிருக்க, ஈரம் ஏறிய நிலையில் அதற்கு விதித்திருக்கும் கீழ்வரம்பு 140 டிகிரிதான், மலைப்பாதை இறக்கத்தில் அந்த வித்தியாசம் உயிர் காக்கும்.

சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் சிலிண்டர் வாங்கிப் போடலாம் என்போருக்கு அதிகம் சொல்வதற்கில்லை. கதவும் கண்ணாடியும் அங்கே வாங்கலாம். எத்தனை மாதம் வறண்டு கிடந்தது என்று தெரியாத ரப்பரை நம்பிக் குடும்பத்தை ஏற்றிச் செல்வது தகாது. இரண்டு சர்க்யூட் இருப்பதால் ஒன்று போனாலும் மற்றொன்று காக்கும், அவசரமில்லை என்று தள்ளிப்போடுவதும் அப்படிப்பட்டதே. அமெரிக்கா 1968 முதல் புதிய கார்களுக்குக் கட்டாயமாக்கிய அந்த ஏற்பாடு, ஒரு பாதி திடீரென்று போனால் வண்டியை எப்படியாவது நிறுத்துவதற்கே தவிர, பழுதோடு மாதக்கணக்கில் ஓட்டுவதற்கன்று. அப்போது பெடல் மிகவும் ஆழமாய் இறங்கும். வண்டி நிற்கும் தூரமும் நீண்டுவிடும்.

விலையைக் குறைக்க நியாயமான வழியில்லையா என்றால், உண்டு. சென்னை பாடியில் 1962-இல் தோன்றிய பிரேக்ஸ் இந்தியா போன்ற உற்பத்தியாளர்கள் கார்க் கம்பெனிகளுக்கும் பிரேக் பாகங்களைத் தருகிறார்கள், டி.வி.எஸ். கெர்லிங் என்பது போன்ற சொந்தப் பெயரில் கடைகளுக்கும் அனுப்புகிறார்கள். ஆகையால் கார்க் கம்பெனியின் பெட்டியில்தான் நல்ல பாகம் வரும் என்பதில்லை. சென்னை ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் விசாரித்து, நம்பகமான கடையில் பில்லோடு வாங்கிக் கொடுக்கலாம். 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைந்திருப்பது பில்லில் தெரிகிறதா என்றும் பார்க்கலாம்.

பகற்கொள்ளை என்னும் பழி பொருந்துகிற ஓர் இடமும் இருக்கிறது. பைப்பில் காற்று நின்றாலும், பின்சக்கர ஷூவின் அட்ஜஸ்டர் தளர்ந்திருந்தாலும் பெடல் தாழும். அவற்றைப் பாராமலே சிலிண்டரின்மேல் குற்றம் சுமத்திப் பணம் வாங்குவது அநியாயமே. சிலிண்டரிலிருந்து பைப்புகளைக் கழற்றி, அந்த வாய்களைத் தகுந்த பிளக்கால் அடைத்து, காற்றில்லாமல் செய்தபின் பெடலை அழுத்திப் பிடித்தால், அப்போதும் பெடல் இறங்குமானால் பழுது சிலிண்டரில். கல்லைப்போல் நின்றால் வேறெங்கோ. எஸ்டிமேட்டுக்குச் சம்மதம் சொல்லுமுன் இந்தச் சோதனையைத் தம் கண்ணெதிரே செய்யும்படி கேட்டு, பெடலைத் தம் காலாலேயே மிதித்துப் பார்க்க வண்டிக்காரருக்குச் சகல உரிமையும் உண்டு.