பழைய மேக்: பழுது எங்கே இருக்கிறது?

2012-இல் வந்த 13 அங்குல மேக்புக் ப்ரோவை ஆப்பிள் 2016 அக்டோபர் வரை விற்றது. அடியில் பத்துத் திருகுகளைக் கழற்றினால் ராமையும் ஹார்ட் டிஸ்க்கையும் நாமே மாற்றிக்கொள்ளலாம். எஸ்எஸ்டி போட்டால் இன்றைக்கும் நன்றாக ஓடும். ஆனால் அதற்குக் கிடைத்த கடைசி மேக்ஓஎஸ், 2019-இல் வந்த கேட்டலினா. அதனால்தான் பக்கத்திலேயே லினக்ஸையும் குடிவைக்கிறார்கள். வைத்த பிறகு ஏதாவது மக்கர் செய்தால் பழி முழுவதும் லினக்ஸ் தலையில் விழுகிறது. அது நியாயமில்லை.

வைஃபையைப் பாருங்கள். டெபியன் லினக்ஸை நிறுவி முடித்தால் வைஃபை பட்டியல் காலியாக இருக்கும். டெர்மினலில் எல்எஸ்பிசிஐ என்று அடித்தால் பிராட்காம் பிசிஎம்4331 என்று சில்லின் பெயர் வருகிறது. ஆக, வன்பொருள் உயிரோடு இருக்கிறது. கர்னலில் பி43 டிரைவரும் இருக்கிறது. பிராட்காம் விவரம் தராததால், தன்னார்வலர்கள் அதன் டிரைவரைப் பிரித்து மேய்ந்து எழுதியது அது. இல்லாதது சில்லுக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் மட்டும்தான். 2023-இல் வந்த டெபியன் 12 முதல், கட்டற்ற உரிமம் இல்லாத ஃபர்ம்வேர்களையும் நிறுவும்போதே தந்துவிடுகிறார்கள். இதை மட்டும் தர முடியவில்லை. மற்றவர் பகிர்ந்தளிக்க பிராட்காமின் உரிமம் இடம் தரவில்லை. எனவே அதை நிறுவும் பொதி, ஃபர்ம்வேரை இணையத்திலிருந்து இறக்கப் பார்க்கும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் என்ற கதைதான்.

வழி இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனை கேபிளில் செருகி யுஎஸ்பி டெதரிங்கை இயக்கினால் போதும். இந்த மாடலில் ஈதர்நெட் துளையும் உண்டு. மெல்லிசாக்கும் மோகத்தில் பிறகு அதையும் எடுத்துவிட்டார்கள்.

அடுத்த புகார், “மேக்ஓஎஸ் அப்டேட் போட்டேன், லினக்ஸ் காணோம்” என்பது. பெரும்பாலும் லினக்ஸ் எங்கும் போயிருக்காது. தொடக்க வரிசையில் மேக்ஓஎஸ் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கும். ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டே இயக்கினால், ‘இஎஃப்ஐ பூட்’ என்று லினக்ஸ் தலைகாட்டும். அதன் வழியே உள்ளே போய் இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் கொண்டு வரிசையைத் திருத்தலாம். இது தெரியாமல் மறுபடி நிறுவி, இருந்த கோப்புகளையும் இழப்பவர்கள்தான் பாவம்.

டஹோதான் இன்டெல் மேக்குகளுக்குக் கடைசி மேக்ஓஎஸ் என்று 2025 ஜூனிலேயே ஆப்பிள் சொல்லிவிட்டது. ஆதரவு இழந்த மேக்குகளின் வரிசையில் இன்னும் ஏராளமான கணினிகள் வந்து நிற்கும். பழுதுபார்க்கும் உரிமைக்காக நம் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் தனி இணையதளமே தொடங்கியது. உதிரிபாகத்தோடு அந்த உரிமை நின்றுவிடக் கூடாது. ஆதரவை நிறுத்தும் நிறுவனம், அந்தச் சாதனத்துக்கான ஃபர்ம்வேரை எவரும் பகிர்ந்தளிக்க அனுமதிக்க வேண்டும் என்று துறை விதி கொண்டுவரட்டும்.