வேலை ஊக்கத்தொகை முதலாளிக்கு. வேலை நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கிறதா?

வரவு செலவுத் திட்டமோ, பொருளாதார மீட்சித் திட்டமோ, இளைஞர்களுக்கான வேலை வாய்ப்பு அறிவிப்பு அதில் தவறாமல் இடம்பெறும். ஆனால், அந்தப் பணத்தில் பெரும்பகுதி இளைஞர் கைக்கு நேரடியாக வருவதில்லை. அவரை வேலைக்கு எடுக்கும் முதலாளியின் கணக்கில்தான் சேர்கிறது. தோட்டப்புறப் பிள்ளைகளை இத்திட்டங்கள் எளிதில் எட்டாததற்கான காரணமும் இங்கேதான் தொடங்குகிறது.

2020 ஜூனில் அப்போதைய பிரதமர் டான்ஸ்ரீ முஹிடின் யாசின் அறிவித்த பெஞ்சானா திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். வேலையில்லாமல் இருந்த 40 வயதுக்குட்பட்ட ஒருவரை வேலைக்கு எடுத்தால் மாதம் 800 ரிங்கிட். பள்ளி முடித்தவரையோ பட்டதாரியையோ தொழில் பயிற்சியாளராக எடுத்தால் மாதம் 600 ரிங்கிட். ஆறு மாதம் வரை இத்தொகை முதலாளிக்கு வழங்கப்பட்டது. அப்போது நகரங்களில் குறைந்தபட்சச் சம்பளம் 1,200 ரிங்கிட், மற்ற இடங்களில் 1,100 ரிங்கிட். அதாவது, நகரில் குறைந்தபட்சச் சம்பளம் வாங்கும் ஒருவரின் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கை அரசாங்கமே ஏற்றுக்கொண்டது. அடுத்து வந்த திட்டம் சம்பளத்தின் விழுக்காட்டைக் கணக்கிட்டுக் கொடுத்தது. 2022-இல் 'ஜாமின் கெர்ஜா' வந்தது. பெயர்கள் மாறின, பாதை மாறவில்லை.

அந்தப் பாதை சொக்சோ வழியாகத்தான் செல்கிறது. முதலாளி பதிவு பெற்றிருக்க வேண்டும். தொழிலாளியின் பெயரில் சந்தா கட்டப்பட வேண்டும். பெரிய நிறுவனங்களில் இதையெல்லாம் பார்க்க மனிதவளப் பிரிவு இருக்கிறது. நம் இளைஞர்கள் பலர் வேலை செய்யும் இடங்கள் வேறு: லோரி உதவியாளர், புல்வெட்டும் குத்தகை, பட்டறை, உணவகம். இங்கே பல வேளைகளில் சம்பளம் ரொக்கமாகக் கைமாறுகிறது. சம்பளச் சீட்டு இல்லை, இபிஎஃப் இல்லை, சொக்சோவும் இல்லை.

இதனால் இரு தரப்புக்கும் நட்டம். முதலாளிக்கு ஊக்கத்தொகை கிடைப்பதில்லை. வேலை போனால் இளைஞருக்கும் எதுவும் கிடைப்பதில்லை. 2018 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள வேலை காப்புறுதித் திட்டத்திற்கு முதலாளியும் தொழிலாளியும் தலா 0.2 விழுக்காடு செலுத்துகின்றனர். 1,700 ரிங்கிட் சம்பளக்காரருக்கு அது மாதம் நான்கு ரிங்கிட்டுக்கும் குறைவு. போதுமான காலம் சந்தா கட்டியிருந்தால், வேலை இழந்த முதல் மாதத்தில் சம்பளத்தின் 80 விழுக்காடு வரை உதவித் தொகை பெற முடியும். ஆனால், 60 நாள்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தானாக வேலையை விட்டவருக்கு இது கிடையாது. ஆகவே, ஆள் குறைப்பின்போது "நீயே ராஜினாமா கடிதம் எழுதிக் கொடுத்துவிடு" என்று யாராவது சொன்னால், கையெழுத்திடும் முன் யோசிக்க வேண்டும்.

2018 முதல் 2023 வரை மனிதவள அமைச்சராக அடுத்தடுத்து மூன்று தமிழர்கள் இருந்தனர்: எம்.குலசேகரன், எம்.சரவணன், வ.சிவகுமார். நாற்காலியில் நம்மவர் இருந்தும் சிக்கல் தீரவில்லை என்றால், முட்டுக்கட்டை அமைச்சரின் மேசையில் மட்டும் இல்லை என்பது தெளிவு. அது நம் கடை வாசலிலும் இருக்கிறது. முடிதிருத்தும் நிலையம், நகைக்கடை, ஜவுளிக்கடை நடத்தும் இந்திய வணிகர்கள் அந்நியத் தொழிலாளர்களுக்கு அனுமதி கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடி வருகின்றனர். "உள்ளூர்ப் பிள்ளைகள் வருவதில்லை" என்பது அவர்களின் குறை. சந்தாவும் ஓய்வு நாளும் இல்லாத வேலைக்கு ஏன் போக வேண்டும் என்பது பிள்ளைகளின் கேள்வி. இரண்டிலும் உண்மை இருக்கிறது.

ஆறு மாத ஊக்கத்தொகைக்கு இன்னொரு குறையும் உண்டு. ஏழாவது மாதம் என்ன ஆகும் என்பதற்கு அதில் பதில் இல்லை. கையில் தொழில் இருந்தால்தான் அந்த இளைஞர் நிலைப்பார். 2005-இல் தொடங்கிய தேசிய இரட்டைப் பயிற்சி முறை இந்த வகையில் மேலானது. பயிற்சியின் 70 முதல் 80 விழுக்காடு வேலையிடத்திலேயே நடக்கும். முடித்தவருக்கு மலேசியத் திறன் சான்றிதழ் கிடைக்கும். பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியத் தொழிலாளர்களை வைத்திருக்கும் பல துறை முதலாளிகள் மனிதவள மேம்பாட்டுக் கழகத்திற்குச் சம்பளத்தில் ஒரு விழுக்காடு கட்டுகின்றனர். தங்கள் தொழிலாளர்களின் பயிற்சிக்கு அந்தப் பணத்தை அவர்கள் பயன்படுத்திக்கொள்ளலாம்.

அடுத்த திட்டம் எந்தப் பெயரில் வந்தாலும், பதிவில் இல்லாதவருக்கு அதில் பங்கு இருக்காது. எஸ்பிஎம் முடித்த பிள்ளை வேலைக்குச் சேரும்போது "சம்பளம் எவ்வளவு?" என்று மட்டும் பெற்றோர் கேட்டால் போதாது. "சொக்சோ கட்டுகிறார்களா?" என்றும் கேட்க வேண்டும். சொக்சோவின் மைஃபியூச்சர்ஜாப்ஸ் தளத்தில் பெயரைப் பதிவு செய்ய ஒரு கைத்தொலைபேசி போதும். அதைச் செய்யத் தெரியாத பிள்ளைகளுக்கு, ஆலயங்களும் இளைஞர் மன்றங்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கலாமே.