கோடு படிக்கத் தெரியாமல் லைசென்ஸ் எதற்கு?

தமிழ்நாடு போக்குவரத்து ஆணையர் அவர்களுக்கு,

இருவழிச் சாலையின் நடுவே விட்டுவிட்டுப் போகும் கோடு, எதிரே வண்டி வராவிட்டால் முந்தலாம் என்கிறது. தொடர்கோடு, முந்துவதற்காகத் தாண்டாதே என்கிறது. இரண்டும் அருகருகே ஓடினால் நம் பக்கத்துக் கோடுதான் நம்மைக் கட்டுப்படுத்தும். இரட்டைத் தொடர்கோடு இரு திசையினருக்கும் தடை. ஐந்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிடக்கூடிய பாடம்தான். ஆனால் அதைக் கற்றவருக்குத்தான் லைசென்ஸ் தருகிறோம் என்று உறுதியாகச் சொல்ல நம் தேர்வு முறையில் வழியில்லை.

கோட்டுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் பேருந்தை ஒரு கார் 80 கி.மீ. வேகத்தில் முந்துகிறது என்று வைத்துக்கொள்வோம். வேக வித்தியாசம் நொடிக்கு ஐந்தரை மீட்டர்தான். பேருந்தின் நீளமும் முன்னும் பின்னும் விட வேண்டிய இடைவெளியும் சேர்ந்து 50 மீட்டர் என்றால், கார் 9 நொடி வலப்பக்கத்தில் ஓட வேண்டும். அதற்குள் அது 200 மீட்டர் போய்விடும். எதிரே அதே வேகத்தில் வருபவரும் 200 மீட்டர் நெருங்கிவிடுவார். ஆக, 400 மீட்டர் சாலை காலியாக இருந்தாக வேண்டும். 80 கி.மீ. வேகத்துக்கு இந்திய சாலைக் காங்கிரஸ் முந்துவதற்கென வகுத்துள்ள பார்வைத் தொலைவோ 470 மீட்டர். வளைவிலும் மேட்டிலும் அவ்வளவு தூரம் தெரியாது. சாலை சற்றே தாழ்ந்து எழும் இடத்தில் எதிரே வரும் கார் முழுதாக மறைந்து, பாதை காலியாகத் தோன்றும். இருக்கையில் அமர்ந்தபடி கண்டறிய முடியாத இந்த ஆபத்தைத்தான் தொடர்கோடு முன்கூட்டியே சொல்கிறது. லாரியின் பின்னால் எழுதியிருக்கும் ‘ஒலி எழுப்பவும்’ என்பதற்குக் கிடைக்கும் மரியாதைகூட அதற்குக் கிடைப்பதில்லை.

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், முந்துவதையும் பிறர் முந்த வழிவிடுவதையும் ஓட்டுநர் தேர்வில் சோதிக்கச் சொல்கின்றன. மைதானத்தில் நாம் பெரிதாகப் பார்ப்பதோ, பைக்குக்கு ‘எட்டு’, காருக்கு ‘எச்’. இரண்டிலும் நடுக்கோடு கிடையாது, எதிர் வண்டியும் கிடையாது. எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) தேர்வில் 60 சதவீதம் சரியாக இருந்தால் தேர்ச்சி. கோட்டைப் பற்றிய கேள்விகளையெல்லாம் தவறவிட்டவரும் தேறிவிடலாம்.

‘தெரிந்தேதான் மீறுகிறார்கள், அபராதம்தான் மருந்து’ என்பார்கள். சட்டத்தில் குறையில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019இல் திருத்தப்பட்ட 184ஆவது பிரிவு, விதிக்கு மாறாக முந்துவதை ஆபத்தான ஓட்டுதலில் சேர்த்து, முதல் குற்றத்துக்கே சிறையோ 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ விதிக்கிறது. ஆனால் ஒவ்வொரு வளைவிலும் போலீஸை நிறுத்த முடியாது. காரணம் புரிந்தால் எல்லாரும் திருந்திவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. புரியாதவர் ஆள் இல்லாத இடத்தில் அடங்க மாட்டார் என்கிறேன். ‘கரும்பு டிராக்டருக்குப் பின்னால் எவ்வளவு நேரம் ஊர்வது?’ என்றும் கேட்கலாம். 60 கி.மீ. வேகத்தில் போக வேண்டியவர் 30இல் ஒரு கிலோமீட்டர் போனால் இழப்பது ஒரே ஒரு நிமிடம்.

‘கோடே அழிந்துகிடக்கிறதே’ என்பது நியாயமான கேள்வி. அது நெடுஞ்சாலைத் துறையின் வேலை. சாலைத் தரம் காக்கத் தவறி உயிரிழப்பு நேர்ந்தால், பொறுப்பானவருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க அதே சட்டத்தில் 198ஏ பிரிவு இருக்கிறது. விபத்து வண்டிகளைச் சோதிக்கும் தங்கள் ஆய்வாளர்கள் அந்த இடத்துக் கோட்டின் நிலையையும் குறித்து அத்துறைக்கு அனுப்பலாமே.

நான் கேட்பது இரண்டு. எல்.எல்.ஆர். எழுதும் ஒவ்வொருவருக்கும் நம் சாலைகளின் படத்தோடு கோடு பற்றிய கேள்விகள் கட்டாயம் வர வேண்டும். லைசென்ஸ் தேர்வில் மைதானத்தோடு நிறுத்தாமல் இருவழிச் சாலைக்கு அழைத்துப் போய், ‘இங்கே முந்தலாமா? ஏன்?’ என்று ஆய்வாளர் கேட்க வேண்டும். விடை தெரியாதவர் மறுபடி வரட்டும். இரண்டாவதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை; இருக்கிற விதியை நடத்திக்காட்டத் தங்கள் சுற்றறிக்கை ஒன்று போதும்.

இப்படிக்கு,
சாலையில் போகும் ஒரு குடிமகன்