மீன்தொட்டிக்கும் சாளரம் வேண்டும்

கடலூர் மஞ்சக்குப்பமாயினும் சரி, சிதம்பரம் மேலவீதியாயினும் சரி, இன்று பல வீடுகளின் கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி இடம் பிடித்துவிட்டது. தங்கமீனும் கப்பியும் நீந்தும் அழகு கண்ணுக்கு விருந்துதான். ஆனால் விடியற்காலையில் அவை மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் நாம் என்ன செய்கிறோம்? கடைக்கு ஓடி நீல மருந்தும் மஞ்சள் மருந்தும் வாங்குகிறோம். வேதியியல் மாணவன் என்ற முறையில் என் கருத்து இதுதான்: மருந்துப் புட்டியைத் திறக்குமுன் சன்னலைத் திறவுங்கள்.

வெளிக்காற்றில் கரியமில வாயு பத்து இலட்சத்தில் 420 பங்குக்குச் சற்று மேல். நாம் விடும் மூச்சிலோ ஏறத்தாழ 4 சதவீதம். கதவடைத்த அறையில் நால்வர் உறங்கினால் 420 என்பது ஓரிரவில் 2000த்தையும் தாண்டலாம். வீட்டு ஏ.சி. பெரும்பாலும் உள்ளிருக்கும் காற்றையே சுழற்றிக் குளிர்விக்கிறது, புதுக்காற்றைக் கொணர்வதில்லை.

நீருக்கு மேலுள்ள காற்றில் ஒரு வாயு எவ்வளவோ, அதற்கேற்பவே அது நீரில் கரையும். இதை வில்லியம் ஹென்றி 1803இல் சொன்னார். நீரில் கரியமில வாயு இருமடங்கானால் பி.எச். சுமார் 0.3 குறையும். போதாக்குறைக்கு, இரவில் ஒளியில்லாததால் செடிகளும் மீன்களைப் போலவே பிராணவாயுவை எடுத்துக் கரியமில வாயுவை விடுகின்றன.

அறைக்காற்று மட்டுமே நன்னீர் மீனைக் கொன்றுவிடும் என்று நான் சொல்லவில்லை. நோயும் அழுகிய தீனியும் காரணமாகலாம். ஆனால் தொட்டியில் சேரும் வாயுவை மோட்டார் வெளியேற்ற வேண்டுமானால், வெளியே நல்ல காற்று இருக்க வேண்டாமா? அறைக்காற்றையே குமிழியாக விட்டால், நீர் அறையைவிடத் தூய்மையாகாது. பி.எச். 8.1க்குக் குறையாமல் காக்க விரும்பும் பவளத் தொட்டிக்காரர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும்.

ஐயமிருந்தால் சோதித்துப் பாருங்கள். இரண்டு குவளைகளில் தொட்டி நீரை எடுத்து, ஒன்றுக்கு அறைக்குள்ளும் மற்றொன்றுக்குத் திண்ணையிலும் சில மணி நேரம் காற்றுக் குமிழி விட்டு, பி.எச். பாருங்கள். திண்ணைக் குவளையில் மட்டும் அது ஏறினால், குற்றவாளி அறைதான்.

"சன்னலைத் திறந்தால் கொசு வருமே!" என்பார்கள். வலையடித்துக்கொள்ளலாம். அல்லது மோட்டாரை வெளியே மழைபடாத இடத்தில், நீர்மட்டத்துக்கு மேல் வைத்துக் குழாயை மட்டும் உள்ளே விடலாம். செடிக்காகச் சிலிண்டரிலிருந்து கரியமில வாயு செலுத்துவோர், விளக்கணையும்போதே அதையும் நிறுத்த வேண்டும். மின்சாரத்தையும் முழுதும் நம்ப முடியாது. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் நம் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டபின் பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. அத்தகைய வேளையில் நீரைச் செம்பால் மொண்டு சற்று உயரத்திலிருந்து ஊற்றுவதே கைகண்ட வைத்தியம்.

இது மீனோடு முடியும் செய்தியன்று. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் எந்தக் கடலை ஆராய்கிறதோ, அந்தக் கடலும் ஒரு பெருந்தொட்டிதான். மனிதர் வெளியேற்றும் கரியமில வாயுவில் ஏறத்தாழக் கால் பங்கை உலகக் கடல்கள் உறிஞ்சுகின்றன. தொழிற்புரட்சிக்குப்பின் கடல்மேற்பரப்பின் பி.எச். 8.2இலிருந்து 8.1ஆக இறங்கிவிட்டது. கடலுக்குத் திறந்துவிட வேறு சன்னல் இல்லை. வீட்டுக்கு உண்டு.

முற்றமும் திண்ணையும் வைத்துக் கட்டிய நம் முன்னோர் வீடு மூச்சுவிட்டது. நாம் கண்ணாடியும் கதவும் போட்டு அடைத்துவிட்டோம். மீன் உள்ள அறையில்தான் நம் குழந்தைகளும் உறங்குகின்றனர். அவர்களும் அதே காற்றைத்தான் சுவாசிக்கின்றனர். நண்பர்களே, மாலையில் வங்கக் கடலிலிருந்து வரும் காற்றுக்குக் காசில்லை. அதை உள்ளே விடுவோம்.