அரளியைத் தெரியும், இந்தப் பூவைத் தெரியுமா?

கொடைக்கானலுக்குப் போய் வந்தவர்களில் பலர் அந்தப் பூவைப் பார்த்திருப்பார்கள். பெயர்தான் தெரிந்திருக்காது.

ஆள் உயரத்துக்கு மேல் வளரும் செடி. அகன்ற இலைகள். கிளைக்குக் கிளை பூக்கள். ஒவ்வொரு பூவும் ஏறத்தாழ ஒரு சாண் நீளம் இருக்கும். நாதசுரத்தைத் தலைகீழாகத் தொங்கவிட்டது போலத் தரையைப் பார்த்துத் தொங்கும். வெள்ளை உண்டு. மஞ்சள் உண்டு. இளஞ்சிவப்பும் உண்டு. பொழுது சாய்ந்தால் வாசனை வீசும்.

வெள்ளைக்காரர்கள் இதற்கு "தேவதையின் எக்காளம்" என்று பெயர் வைத்தார்கள். தாவர நூல்களில் இதன் பெயர் பிரக்மான்சியா. எக்காளப் பூ என்று சொன்னால் எளிதில் விளங்கும்.

பெயர் தேவதைதான். ஆனால் உடம்பெல்லாம் விஷம்!

ஊமத்தையின் உறவு

எக்காளப் பூ ஊமத்தைக்கு நெருங்கிய சொந்தம். ஊமத்தம் பூ மேலே பார்க்கும். இது கீழே பார்க்கும். ஊமத்தங்காயில் முள் இருக்கும். இதன் காயில் முள் இல்லை. விஷம் மட்டும் இரண்டிலும் ஒன்றே.

இலை, பூ, காய், விதை, வேர் எல்லாவற்றிலும் விஷம் உண்டு. தின்றவருக்கு வாய் உலர்ந்து போகும். கண்ணின் கருமணி விரியும். பார்வை மங்கும். நெஞ்சு படபடக்கும். உடம்பு கொதிக்கும். பிறகு புத்தி தடுமாறி உளறத் தொடங்குவார்கள். அளவு மிஞ்சினால் உயிருக்கே ஆபத்து.

செடியை வெட்டிய கையால் கண்ணைக் கசக்கினாலே போதும். கருமணி விரிந்து, பார்வை மங்கிவிடும்.

பாட்டி சொல்லாத பாடம்

தமிழ்நாட்டில் விஷச் செடிகளுக்குப் பஞ்சம் இல்லை. அரளி வீட்டு வேலியில் நிற்கிறது. கோவிலில் மாலையாகிறது. ஊமத்தம் பூ சிவனுக்குப் போகிறது. குன்றிமணி பிள்ளைகளின் கையில் உருளுகிறது.

இத்தனையும் பக்கத்தில் இருந்தும் மக்கள் பயந்து ஓடவில்லை. ஏன்? "அரளியை வாயில் வைக்காதே" என்று பாட்டி பேரனுக்குச் சொல்லி வைத்தாள். தலைமுறை தலைமுறையாக வந்த எச்சரிக்கை அது. அதுதான் காவல்.

எக்காளப் பூ தென் அமெரிக்காவில் இருந்து வந்தது. இதைப் பற்றி எந்தப் பாட்டியும் எந்தப் பேரனுக்கும் சொல்லவில்லை. ஏனென்றால் பாட்டிக்கே தெரியாது!

இதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம். செடி வந்துவிட்டது. எச்சரிக்கை இன்னும் வரவில்லை.

மலை ஏறி வந்த செடிகள்

1845-ல் அமெரிக்கப் பாதிரியார்கள் கொடைக்கானலில் வீடு கட்டிக் குடியேறினார்கள். அதன் பிறகு பழனி மலைக்கு அயல்நாட்டுச் செடிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அந்தச் செடிகளைப் பற்றி மட்டுமே கே.எம். மாத்யூ என்ற சேசு சபைத் துறவி 1969-ல் ஒரு பெரிய ஆராய்ச்சி நூல் எழுதினார். அவ்வளவு செடிகள்!

வந்தவை எல்லாம் கெட்டவை அல்ல. ஆனால் சில செடிகள் எல்லை தாண்டின. தோல் பதனிடும் பட்டைக்காக வாட்டில் மரத்தை வைத்தார்கள். அது புல்வெளிகளையே விழுங்கிவிட்டது. அதைப் பிடுங்குவதற்கு இன்று படாத பாடு படுகிறார்கள்.

எக்காளச் செடியை வளர்ப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். இதன் குச்சி ஈரத்தில் கிடந்தால் வேர் விட்டுவிடும். ஆகவே, வெட்டிய கிளைகளை ஓடையிலோ, சோலைக்காட்டின் ஓரத்திலோ போடக்கூடாது. நன்றாகக் காயவைத்துப் புதைத்துவிட வேண்டும். எரித்தால் புகையும் ஆகாது.

சமவெளிக்கு வந்தால்?

ஏப்ரல், மே மாதங்களில் கொடைக்கானலில் கூட்டம் அலைமோதும். திரும்பும்போது சிலர் ஒரு குச்சியை ஒடித்து, ஈரத்துணியில் சுற்றி எடுத்து வருகிறார்கள். மதுரையிலும் திண்டுக்கல்லிலும் நட்டு வைக்கிறார்கள். குச்சி துளிர்க்கிறது. பூ மட்டும் வருவதில்லை!

காரணம் உண்டு. கொடைக்கானல் ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே கோடையிலும் இரவு குளிரும். மொட்டு கட்டுவதற்கு அந்தக் குளிர்ச்சி வேண்டும். மதுரையில் வெயில் 100 டிகிரியைத் தாண்டுகிறது. இரவும் புழுங்குகிறது. அப்படியே மொட்டு வந்தாலும் மஞ்சளாகி உதிர்ந்துவிடும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இளம் செடி முதலில் நேராக வளரும். பிறகு உச்சியில் கவட்டை விடும். கவட்டை விட்ட பிறகுதான் மொட்டு வரும். கவட்டைக்கு மேலே எடுத்த குச்சி சீக்கிரம் பூக்கும். கீழே எடுத்த குச்சி மறுபடியும் வளர்ந்து கவட்டை விட்டாக வேண்டும்.

வெயில் காலத்தில் காலை வெயில் மட்டும் படும் இடம் நல்லது. உச்சி வெயிலில் இலை துவளும். உடனே குடம் குடமாக ஊற்றக்கூடாது. மண்ணைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஈரம் இருந்தால், மாலையில் இலை தானே நிமிர்ந்துகொள்ளும். ஈரம் இருக்கும்போதே ஊற்றிக்கொண்டிருந்தால் வேர் அழுகும்.

பூச்சி தின்றால் பிள்ளை தின்னலாமா?

விஷச் செடியைப் பூச்சி அண்டாது என்று நினைப்பவர்கள் உண்டு. அது தவறு. வறண்ட வெயிலில் இலையின் அடிப்பக்கம் செம்பேன் குடியேறும். இலை வெளுத்துப் புள்ளி புள்ளியாகும். வெள்ளை ஈயும் அசுவினியும் வரும். மழைக்காலத்தில் நத்தை வந்து இலையை ஓட்டை போடும்.

"புழு தின்கிறதே, அப்படியானால் விஷம் இல்லை" என்று யாரும் முடிவு கட்டக்கூடாது. புழுவின் வயிறு வேறு, மனிதன் வயிறு வேறு!

பூச்சி கண்டதும் கடும் மருந்தைத் தேடி ஓட வேண்டாம். இலையின் அடிப்பக்கம் தண்ணீரைப் பீச்சினாலே செம்பேன் குறையும். போதாவிட்டால், ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலை நேரத்தில் தெளிக்கலாம். பூச்சியைக் கொல்லப் போய், குழந்தைகள் நடமாடும் தோட்டத்தில் இரண்டாவது விஷத்தைச் சேர்ப்பானேன்?

வெட்டி எறிய வேண்டுமா?

"இவ்வளவு ஆபத்தான செடி எதற்கு? வெட்டி எறியுங்கள்!" என்று சிலர் சொல்வார்கள். அது அவசரத் தீர்ப்பு.

இந்தச் செடிக்கு ஒரு சோகக் கதை உண்டு. இதன் பிறந்த காடுகளில் இப்போது இது தானாக வளர்வதில்லை. இதன் எல்லா இனங்களும் காட்டில் அழிந்துவிட்டன என்று உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் பட்டியலிட்டிருக்கிறது. மனிதன் நட்டு வளர்ப்பதால்தான் இது உயிரோடு இருக்கிறது.

இதில் உள்ள அட்ரோபின் என்ற பொருள் மருந்தாகவும் பயன்படுகிறது. சில வகைப் பூச்சிமருந்தைக் குடித்து உயிருக்குப் போராடுகிறவர்களை அதைக் கொடுத்துத்தான் காப்பாற்றுகிறார்கள். டாக்டர் கையில் அது மருந்து. தெரியாதவர் கையில் எமன்.

ஆகவே செடியை அழிக்க வேண்டியதில்லை. அறியாமையை அழித்தால் போதும்.

யார் சொல்வது?

செடி விற்கிறவர் சொல்ல வேண்டும். விலை சொல்லும் வாய், விஷம் என்பதையும் சொல்லலாமே! பூங்காக்களிலும் விடுதிகளிலும் இந்தப் பூ இருக்கும் இடத்தில் எல்லாம் ஓர் அட்டை தொங்க வேண்டும். "இது விஷச் செடி. தின்னாதீர்கள். தொட்டால் கை கழுவுங்கள்." இவ்வளவு எழுதினால் போதும். தமிழில் எழுத வேண்டும். பெரிய எழுத்தில் எழுத வேண்டும்.

பள்ளிக்கூடத்திலும், சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டிலும், ஆடு மாடு கட்டும் இடத்திலும் இந்தச் செடி வேண்டவே வேண்டாம்.

தப்பித்தவறி யாராவது தின்றுவிட்டால், கை வைத்தியம் பார்த்துக்கொண்டு நேரத்தை வீணாக்கக் கூடாது. உடனே 108-க்குச் சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அந்தச் செடியின் இலையையோ பூவையோ கூடவே எடுத்துப் போனால், டாக்டருக்கு உதவியாக இருக்கும்.

கொடைக்கானல் போகிறவர்கள் பூவைக் கண் குளிரப் பார்க்கட்டும். குச்சியை ஒடிக்க வேண்டாம். பக்கத்தில் நிற்கும் பிள்ளையிடம் "இது விஷம், தொடாதே" என்று ஒரு வார்த்தை சொல்லட்டும்.

அந்தப் பிள்ளை நாளைக்குத் தன் பிள்ளையிடம் சொல்லும். அரளிக்கு இருக்கிற காவல் இந்தப் பூவுக்கும் வந்துவிடும்.